வைக்காத வணக்கம்

அந்த ஜூடோ கூடம் கார் பழுதுபார்க்கும் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே சுத்தியல் 'டங் டங்' என்று அடிக்கும். மேலே பிள்ளைகள் 'தொப் தொப்' என்று விழுவார்கள். இரண்டு சத்தமும் சேர்ந்து கேட்டால்தான் அந்தத் தெருவில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம்.

கூடத்துச் சுவரில் ஒரு பழைய படம் மாட்டியிருந்தது. வெள்ளை உடையில் மலைபோல ஒரு மனிதர், ஒரு கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார்.

"அக்கா, இவரு ட்ராஃபிக் போலீஸா?" என்று முதல் நாளே கேட்டான் பம்பரத்தின் தம்பி.

"போடா மண்டு! அவரு ஒலிம்பிக் சாம்பியன்!"

பம்பரம் என்பது கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர். வயது பதினொன்று. எதிரே நிற்பவரின் சட்டையைப் பிடித்தாள் என்றால் ஒரே சுழற்சிதான், அவர் தரையில் கிடப்பார். அந்தச் சாம்பியனின் கதையை அவள் கரைத்துக் குடித்திருந்தாள். அதனால்தான் அவருடைய நினைவு நாளில் எல்லார் முன்னாலும் கதை சொல்லும் வேலையை மாஸ்டர் அவளிடம் கொடுத்திருந்தார்.

வேறு சமயமாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள். இப்போது மாஸ்டர் கண்ணில் படாமல் நழுவப் பார்த்தாள். காரணம், போன சனிக்கிழமை.

சனிக்கிழமை கூடத்தின் இறுதிப் போட்டி நடந்தது. எதிரே நின்றவள் அவளுடைய உயிர்த்தோழி, தையல்காரரின் மகள். ஆள் ஒல்லி, பேச்சு கூர்மை. அதனால் அவள் பெயர் ஊசி. இருவரும் சளைக்காமல் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் பம்பரம் ஒரு சுழற்று சுழற்ற, ஊசி மல்லாந்து விழுந்தாள். பம்பரம் ஜெயித்ததாக நடுவர் கையை உயர்த்திவிட்டார்.

ஜூடோவில் போட்டி அதோடு முடிவதில்லை. இருவரும் எழுந்து, கலைந்த உடையைச் சரிசெய்து, பெல்ட்டை இறுக்கி, பாயில் போட்டிருக்கும் அவரவர் கோட்டில் எதிரெதிரே நின்று, குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். அப்போதுதான் முடிந்ததாகக் கணக்கு.

பம்பரம் அதைச் செய்யவில்லை. பஸ் ஓட்டும் மாமா, "அடிச்சாடா என் மருமக!" என்று கத்திக்கொண்டு ஷூவோடு பாய்மேல் ஓடிவந்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார். நடுவர் கூப்பிட்டது அந்த இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை.

தோளின் உச்சியிலிருந்து பம்பரம் கீழே பார்த்தாள். ஊசி பெல்ட்டை இறுக்கிக்கொண்டு தன் கோட்டில் தனியாக நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. வணக்கம் வைக்கக் காத்திருந்தாள்.

பார்த்த பிறகும் பம்பரம் இறங்கவில்லை. கைகளை இன்னும் உயரத் தூக்கி ஆட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, எதிரே ஆளில்லாத கோட்டுக்கு ஒரு வணக்கத்தை வைத்துவிட்டு ஊசி போய்விட்டாள்.

அன்று ராத்திரி பரிசாகக் கிடைத்த கோப்பையைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதை அலமாரியில் பழைய துணிகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தாள்.

திங்கட்கிழமை ஊசியிடம் போய், "கோவமா?" என்று கேட்டாள்.

"இல்லையே," என்றாள் ஊசி. ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிறவள், அன்று ஒற்றை வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள். பயிற்சிக்கும் வேறு ஜோடி தேடிக்கொண்டாள்.

நினைவு நாளும் வந்தது. பாயைச் சுற்றி நாற்காலிகளில் பெரியவர்கள், தரையில் பிள்ளைகள். ஊசி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பம்பரம் தொடங்கினாள். "ஒலிம்பிக்ல ஜூடோவ முதல்முதலா சேத்தாங்க. ஜூடோ பொறந்த நாட்டுலயே போட்டி. கடைசி ஆட்டத்துல ஒரு பக்கம் அந்த நாட்டு வீரர், இன்னொரு பக்கம் இவரு. அந்த நாட்டு வீரர்தான் ஜெயிப்பாருன்னு அரங்கமே நம்பிக்கிட்டு இருந்துச்சு. ஆனா இவரு அவர அப்படியே பாயில அமுக்கிப் புடிச்சுட்டாரு. அவரால அசைய முடியல. ஆட்டம் முடிஞ்சுது. அரங்கத்துல பல பேர் அழுதுட்டாங்க. உடனே இவரோட நாட்டுக்காரங்க சந்தோஷத்துல பாய நோக்கி ஓடிவந்தாங்க. அப்போ இவரு..."

பம்பரம் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

இந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! அந்தப் படத்துக்குக் கீழேதானே தினமும் பெல்ட் கட்டினாள்! அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"அப்புறம் என்னாச்சுக்கா? கையத் தூக்குனாரு, அதானே? சொல்லேன்!" என்று தம்பி கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். ஊசி மட்டும் சிரிக்கவில்லை.

"கையத் தூக்கி, வராதீங்கன்னு நிறுத்திட்டாரு," என்றாள் பம்பரம். "தோத்தவர் இன்னும் பாயில இருந்தாரு. ரெண்டு பேரும் வணக்கம் வைக்கல. அதனால நிறுத்தினாரு. நான் நிறுத்தல. சனிக்கிழமை ஊசி எனக்காக நின்னுட்டு இருந்தா. நான் கவனிக்கலன்னு நீங்க நெனச்சிருப்பீங்க. நான் பாத்தேன். பாத்தும் எறங்கல."

பம்பரம் பாயின் நடுவே போய்த் தன் கோட்டில் நின்றாள். பெல்ட்டை இறுக்கினாள். கைகளைத் தொங்கவிட்டுக் காத்திருந்தாள்.

ஊசி எழுந்திருக்கவில்லை.

எல்லார் கண்ணும் தன்மேல் இருக்க, தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பம்பரத்துக்குத் தெரிந்தது. ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனாலும் நின்றாள்.

மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஐயோ, புள்ள அழுவுறாளே!" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார்.

பம்பரத்தின் கை சட்டென்று உயர்ந்தது. "மாமா, நில்லுங்க! ஷூ!"

மாமா ஒரு கால் தரையிலும் ஒரு கால் காற்றிலுமாகக் கொக்குபோல் நின்றார்.

"ஐ! அக்காவும் ட்ராஃபிக் போலீஸ் ஆயிட்டா!" என்றான் தம்பி.

'களுக்' என்று ஒரு சிரிப்பு கேட்டது. ஊசிதான். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எழுந்து வந்து எதிர்க் கோட்டில் நின்றாள்.

"எத்தன நாளு கழிச்சு வணக்கம் வைக்கற? தபால்லயா அனுப்புன? அதுவும் பெல்ட்ட இப்படிக் கோணலா கட்டிக்கிட்டு! அங்க எங்கப்பா பாத்துக்கிட்டு இருக்காரு, மயக்கம் போட்டுருவாரு," என்றாள் ஒரே மூச்சில்.

"மன்னிச்சுக்கோ, ஊசி."

"சரி, சரி. குனி."

இருவரும் குனிந்தார்கள். நிமிர்ந்ததும் ஊசி கேட்டாள், "இன்னொரு ஆட்டம் போடலாமா?"

"போடலாம்!"

மாஸ்டர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். மறுபடி ஒரு வணக்கம். இருவரும் கட்டிப் புரண்டார்கள். சற்று நேரத்தில் 'தொப்' என்று ஒரு சத்தம். இந்தத் தடவை மல்லாந்து கிடந்தவள் பம்பரம். கூடம் முழுவதும் ஆரவாரம். தையல்காரர் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினார்.

பம்பரம் முதுகைத் தடவிக்கொண்டு எழுந்தாள். பெல்ட்டைக் கோணலில்லாமல் கட்டிக்கொண்டு தன் கோட்டுக்கு வந்தாள். எதிர்க் கோட்டில் ஊசி அவளுக்காகக் காத்திருந்தாள்.