துணியின் மறுமுனை

விளக்குத்தூண் கடையில் வாங்கிய எட்டு மீட்டர் சிவப்பு ஷிஃபான் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாமரைச்செல்வி கோச்சடை வீட்டின் கேட்டைத் தள்ளினாள். வீட்டுக்காரரான ஞானம் டீச்சர் ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பி நின்றார்.

“இம்புட்டுத் துணி எதுக்கும்மா? கல்யாணமா?”

“என்னையவே போட்டோ எடுக்கப் போறேன் டீச்சர்.”

“எடு, எடு. ஆம்பளப் பயலுக யாரையும் மாடிக்குக் கூட்டிட்டு வந்திராத.”

“அப்ப நீங்க வந்து துணிய வீசுங்க.”

“வாயப் பாரு வாய,” என்று சிரித்துக்கொண்டே டீச்சர் கேட்டைச் சாத்திவிட்டுப் போனார். வீடு மொத்தமும் காலியானது.

மாடியில் இரண்டு அறைகள். ஒன்று தாமரையுடையது. அடுத்ததில் போன மாதம் வரை டீச்சரின் தங்கை பெர்சி இருந்தார். இப்போது பூட்டு தொங்குகிறது.

ஸ்டுடியோ வைத்திருக்கும் சிவக்குமார் இன்றைக்குள் ஒரு படம் கேட்டிருந்தார். வீட்டிலேயே, தன்னைத்தானே எடுத்தது. துணி பறக்க வேண்டும். பிடித்தால் வேலை. பிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அப்பா பேரையூரிலிருந்து கார் பிடித்து வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். முத்துப்பாண்டி வீட்டில் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்தாயிற்று. எங்கள் வம்சத்திலேயே முதல் டிகிரி என்று ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தவர்தான் அந்த அப்பா. அந்தச் சான்றிதழ் மாமியார் வீட்டுச் சுவரில் தொங்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

துணி தானாகப் பறக்காது. ஒரு ஆள் நுனியைப் பிடித்து உயர வீசிவிட்டு, படத்துக்குள் விழாமல் சட்டென்று விலகிவிட வேண்டும். பார்ப்பவர்களுக்கு அப்படி ஒரு ஆள் இருந்ததே தெரியாது. கல்லூரியில் சரண்யாதேவிதான் வீசுவாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் போனை அவள் புருஷன் எடுக்கிறான்.

பராமரிப்பு என்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை, ஃபேன் ஓடாது. எதிர் மொட்டைமாடியில் எப்போதும் எவனாவது ஒருத்தன் நின்று பார்ப்பான் என்பதால் பால்கண்ணாடி ஜன்னலையும் சாத்தினாள். வெளிச்சம் மட்டும் உள்ளே வந்தது. காற்று இல்லை.

கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, டைமரை அழுத்தி, ஸ்டூலில் ஏறி நின்று தானே வீசினாள். முகத்தில் வந்து விழுந்தது. மறுபடி வீசினாள். காலைச் சுற்றிக்கொண்டது. விழப் பார்த்தாள்.

“ச்சே! மதுரையில இம்புட்டுச் சனம். ஒரு துணியத் தூக்கிப் போட ஒரு ஆளு இல்ல!”

கத்தியபோது அவள் முகம் பூட்டிய அறைப் பக்கம் இருந்தது.

பெர்சியக்கா படுக்கையில் கிடந்த நாட்களில், வெளியே போகும்போதெல்லாம் தாமரை அந்த வாசலில் நின்று, “போயிட்டு வாரேங்க்கா,” என்பாள். வேறு யாரும் அங்கே நின்று அவள் பார்த்ததில்லை. அடக்கத்தன்று, சவப்பெட்டியைச் சுற்றித் தெளித்த யூடிகோலன் சென்ட் மணம் தலையைக் கிறக்க, பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டாள்.

ஊரிலிருந்து வந்து பக்கத்தில் நின்ற அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். “எளவு வீட்டுல போயிட்டு வாரேன்னு சொல்லுவாகளாடி? பேசாம எந்திரிச்சுப் போகணும்.”

“செத்தவுகளுக்குக் கேக்கவா போகுது?” என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு வந்தாள்.

இப்போது மறுபடி டைமரை அழுத்தி ஸ்டூலில் ஏறினாள். துணியின் ஒரு முனை தோளில், மறுமுனை பின்னால் தரையில்.

“ஒண்ணு,” என்று எண்ணினாள். “ரெண்டு.”

“மூணு.”

அதை அவள் சொல்லவில்லை.

முதுகுக்குப் பின்னால் துணி எழுந்தது. சரசரவென்று ஏறியது. தலைக்கு மேல் அகல விரிந்து, ஒரு கணம் அப்படியே நின்றது.

கேமரா சொடுக்கியது.

யூடிகோலன் மணம்.

துணி மெதுவாக இறங்கி அவள் கணுக்காலை மூடியது. எவ்வளவு நேரம் ஸ்டூலிலேயே நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. வெளியே போய்ப் பார்த்தாள். பூட்டு பூட்டியபடியே தொங்கியது.

படத்தைப் பார்த்தாள். அவள் இதுவரை எடுத்ததில் இப்படி ஒன்று அமைந்ததில்லை. படத்தில் வேறு யாரும் இல்லை. மேல் மூலையில் துணியின் நுனி மட்டும் கூம்பாகக் குவிந்திருந்தது, கிள்ளிப் பிடித்ததுபோல. மடிப்புகள் தெரிந்தன. பிடித்த விரல்கள்தான் இல்லை.

ஓடலாம். எங்கே ஓடுவது? தெருமுனையில் பஸ் ஏறினால் பேரையூர். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு இல்லை என்று இந்த ஊரில் எத்தனை கதவுகள் அவள் முகத்தில் சாத்தப்பட்டன!

படத்தை அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் சிவக்குமார் கூப்பிட்டார். “பிரமாதம்மா! திங்கக்கெழம வந்து சேந்துரு. ஆமா, துணி வீசுனது யாரு? நல்ல டைமிங். அவுகளையும் கூட்டிட்டு வாயேன்.”

“அவுக வெளிய வரமாட்டாக சார்.”

வாயிலிருந்து எப்படி வந்தது அது? அவளுக்கே தெரியவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டாள். “ஞாயித்துக்கெழம வர வேணாம்ப்பா. வேலை கெடச்சிருச்சு.”

“தனியா எம்புட்டு நாளைக்குத்தான் அங்கன கெடப்ப?”

போனை வைத்துவிட்டாள்.

ஜன்னல் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. தரையில் கிடந்தது துணி. எட்டு மீட்டரை ஒரு ஆளாக மடிக்க முடியாது. ஆனாலும் இரண்டு மூலைகளைப் பிடித்துத் தூக்கி உதறினாள்.

எதிர்ப் பக்கத்து மூலைகள் இரண்டும் தரையை விட்டு எழுந்தன.

அவள் மார்பு உயரத்துக்கு வந்து நின்றன. நடுவில் தொய்வில்லாமல் துணி விறைத்தது. அந்தப் பக்கம் வெறும் சுவர்.

இழுக்கவில்லை. பிடித்தபடி காத்திருந்தது.

தாமரைக்கு வந்தது பயமா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. அவள் ஓரடி முன்னால் வைத்தாள்.

மறுமுனையும் நடந்து வந்தது. மூலைகளை அவள் விரல்களுக்கிடையில் ஒழுங்காகச் செருகியது. பிறகு தாழ்ந்து, தொங்கிய மடிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அடுத்த மடிப்புக்காகப் பின்னால் போய் நின்றது.