கிணற்றுக்குப் பொடி போட வந்தவன்

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது அவளுக்கு. விடிவதற்கு முன்பே இறைக்கத் தொடங்கிய தண்ணீர், எண்பது வாளிக்கு மேல் இருக்கும். அதன்பிறகு நாற்பத்திரண்டு விரிப்புகளையும் கடைசி அலசு அலசி, முறுக்கிப் பிழிந்து, கொடியில் போட்டு முடித்தபோது விரல்கள் மரத்துப்போயிருந்தன. மடக்கினால் மடங்கின, நீட்டினால் நீளவில்லை. பத்தொன்பது வயதுக்காரியின் கை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்த வருஷம் ஊரில் வாந்திபேதி. காலையில் கடை திறந்தவனை மாலையில் வண்டியில் ஏற்றிப் போனார்கள். நோயாளிகளைப் போட்டிருந்த கொட்டகையிலிருந்து துணி மூட்டைகள் சலவைக்கூடத்துக்கு வந்தபடி இருந்தன. அவளுடைய அப்பாதான் அங்கே உலைக்காரர். பெரிய அண்டாவில் துணியை வேகவைத்துத் தருவது அவர் வேலை, அலசிப் பிழிவது அவள் வேலை. இந்த நாற்பத்திரண்டும் இருட்டுவதற்குள் திரும்பிப் போகாவிட்டால், அங்கே புதிதாக வருகிறவர்களை வெறும் பலகையில்தான் கிடத்த வேண்டும்.

படியில் சாய்ந்து ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். திறந்தபோது வெயில் ஏறியிருந்தது.

விரிப்புகள் எல்லாம் பழுப்பாக இருந்தன. துருப்பிடித்த தகரம் மாதிரி.

"என்னடி இது... டீயில முக்கி எடுத்தியா?" என்றாள் அடுத்த கல்லில் துவைக்கிற அக்கா.

கிணற்றடிக்கு ஓடினாள். இருட்டில் இறைத்தபோது தெரியாதது வெளிச்சத்தில் தெரிந்தது. ரோஜாப்பூவைக் கசக்கிப் போட்டது போல் தண்ணீர் முழுக்க ஒரு நிறம்.

கிணற்றின் அந்தப் பக்கம் ஓர் இளைஞன் நின்றிருந்தான். தோளில் தகரப்பெட்டி. மணிக்கட்டு வரை கைகள் பழுப்பு. அந்த விரிப்புகளின் அதே பழுப்பு.

"யோவ், கிணத்துல என்னத்தப் போட்ட?"

"பொடிங்க. கிருமி சாகுறதுக்கு. நேத்து சாயங்காலமே போட்டாச்சு. நிறம் போற வரைக்கும் துணி அலசக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கே."

"எங்க ஒட்டியிருக்கு?"

காட்டினான். கிணற்றுத் தூணில், தெருவைப் பார்த்த பக்கம்.

"நாங்க பின்கட்டு வழியா வர்றவங்க. நீ தெருப்பக்கம் ஒட்டிட்டுப் போனா எங்களுக்கு என்ன, தூணுக்கு அந்தப்பக்கமா கண்ணு முளைச்சிருக்கு?"

அவன் தூணைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் நின்ற இடத்தில் நின்று பார்த்தான். வெறும் கல்தான் தெரிந்தது. கொடியில் ஆடிய நாற்பத்திரண்டு விரிப்புகளையும் பார்த்தான்.

"தப்பு என்னோடதுதாங்க" என்றான்.

இன்னும் பத்து வசவாவது வாயில் தயாராக வைத்திருந்தாள். அத்தனையும் அப்படியே நின்றுபோயின. தப்பு என்று ஒத்துக்கொண்டவனை எப்படித் திட்டுவது? அப்போதுதான் அவன் கண்ணைப் பார்த்தாள். பல நாள் தூங்காத கண். ஓரமெல்லாம் சிவந்து... ஆனாலும் மழைக்கு முன்னால் வானம் இருக்குமே, அப்படி ஈரமாக, இருட்டாக, பார்த்தாலே குளிர்ச்சியாக இருந்தது. சட்டென்று பார்வையைத் துணிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபத்தைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சா கறை போயிடும்" என்றான்.

"நாப்பத்திரண்டு விரிப்புக்கு எத்தனை பழம் வேணும்னு தெரியுமா, துரைக்கு?"

"தெரியாது. ஒரு மூட்டை கொண்டுவரேன். பத்தலைன்னா இன்னொண்ணு."

கொண்டும் வந்தான். மண்டிக்காரனிடம் என்ன சொன்னானோ, முதுகில் மூட்டையோடு வந்து அவள் எதிரில் உட்கார்ந்து பழத்தை வெட்டிப் பிழியத் தொடங்கினான். முதல் பழத்திலேயே முகம் கோணியது. விரலெல்லாம் வெடிப்பு.

"எரியுதா?"

"இல்ல."

"பின்ன ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?"

"அது... பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்தது. ஊரே அழுதுகொண்டிருந்த அந்த மாதத்தில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அதுதான்.

"ஏண்டி, கறை போகுதா, இல்ல புதுசா பிடிக்குதா?" என்றாள் அக்கா, துணியைக் கல்லில் அடித்தபடியே.

"உன் வேலையப் பாருக்கா."

மத்தியானத்துக்குள் விரிப்புகள் வெளுத்தன. கூடவே அவன் விரல்களும் நுனியில் கொஞ்சம் வெளுத்திருந்தன. நல்ல விரல்கள்தான்... நீளமாக. இதை எதற்கு இப்போது கவனிக்கிறோம் என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது.

உலையறையிலிருந்து அப்பா வெளியே வந்தார். வேர்த்து, சிவந்து, கையில் துடுப்புக்கட்டையோடு.

"யாரைக் கேட்டுடா எங்க கிணத்துல விஷத்தக் கலந்த?"

"விஷம் இல்லைங்கய்யா. நிறம் போனதும் நானே முதல்ல குடிக்கிறேன்..."

"நீ குடி. உன் தலையெழுத்து. இனிமே இந்தக் கூடத்துப் பக்கம் உன் காலடி பட்டுது, துணியோட துணியா உன்னையும் வேகவெச்சுடுவேன்."

கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தகரப்பெட்டியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அப்பா ஆற்றுத் தண்ணீர்தான் குடித்தார். "ஓடுற தண்ணியில அழுக்கு நிக்காது" என்பது அவர் கட்சி. மேலாற்றில் கொட்டகைக்காரர்கள் என்னென்ன கழுவுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். சொன்னாள். கொதிக்க வைத்தாவது குடிக்கச் சொன்னாள். கேட்கிற மனுஷனா? ஊர்த் துணியையெல்லாம் நாள் முழுக்க வேகவைக்கிறவர், தான் குடிக்கும் தண்ணீருக்கு ஒரு சுள்ளி எரிக்க மாட்டேன் என்றார்.

நான்காம் நாள் அவன் மறுபடி வந்தான். கிணறு ஊருக்குப் பொது, யார் தடுத்தாலும் அவன் வந்துதான் ஆகவேண்டும். தூணின் பின்பக்கத்திலும் நோட்டீஸ் ஒட்டினான். ஒட்டிவிட்டு அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

அப்பா உலையறை வாசலில் நின்றிருந்தார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்பின் தெரியாதவனைப் போல, தெருவில் போகிற யாரோ போல. துணியை ஓங்கி ஓங்கி அடித்தாள். நிமிர்ந்தபோது அவன் இல்லை. ஏனோ அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் அப்பா உலையறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அக்காவும் அவளுமாகத் தாங்கிப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து கிடத்தினார்கள்.

மூன்று மணி நேரத்தில் ஆள் பாதியானார். கன்னம் உள்ளே போய், கண் குழிந்து, குரல் வெறும் காற்றாகி... அவர் விரலைப் பிடித்துப் பார்த்தாள். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய தன் விரல் போலச் சுருங்கிக் கிடந்தது. அம்மா இல்லாத வீடு. இருப்பது இந்த ஒரு மனிதர்தான். கொட்டகைக்கு ஆளனுப்பினாள், உள்ளே இடமில்லாமல் வாசலிலேயே வண்டிகள் நிற்பதாகப் பதில் வந்தது.

அக்காவை அப்பா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ஓடினாள். எந்தக் கிணற்றில் இருக்கிறானோ என்று தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டே ஓடி, கீழத்தெருக் கிணற்றில் அவனைப் பிடித்தாள். வாளியில் பொடியைக் கரைத்துக்கொண்டிருந்தான். கூட, அதே வேலை பார்க்கும் நெட்டையன்.

"அப்பாவுக்கு வந்துடுச்சு" என்றாள். மூச்சு வாங்கியது. "அன்னிக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். இன்னிக்கு வந்து நிக்கிறேன். திட்டணும்னா திட்டிட்டு வாங்க."

"வழியில திட்டிக்கிறேன். நடங்க."

தகரப்பெட்டியைக் கழற்றி நெட்டையன் கையில் கொடுத்துவிட்டு, அவளுக்கு முன்னால் நடந்தான்.

"நான் டாக்டர் இல்ல" என்றான் வீட்டுக்குள் நுழையும்போதே. "கொட்டகையில பாத்ததுதான் தெரியும். வெளியே போற அளவுக்கு உள்ளே போகணும். வாந்தி எடுத்தாலும் விடக் கூடாது. உப்பும் சக்கரையும் போட்டுத் தண்ணிய நல்லாக் கொதிக்க வைங்க. கரண்டி கரண்டியாக் குடுப்போம்."

அப்பா அரைக்கண்ணால் அவனை அடையாளம் கண்டுகொண்டார். உதட்டை இறுக்கி மூடினார்.

"பொடி போட்ட கிணத்துத் தண்ணிதாங்கய்யா, பொய் சொல்ல மாட்டேன். கொதிக்க வெச்சிருக்கோம். பாருங்க, நானே குடிக்கிறேன்."

பாதி டம்ளர் குடித்துக் காட்டினான். அப்பா அவனைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவள் கரண்டியை உள்ளே வைத்துவிட்டாள்.

அதன்பிறகு கரண்டிதான். அவன் ஊட்டினால் அவள் துடைத்தாள். அவள் ஊட்டினால் அவன் வாளியைக் கழுவினான். முகம் சுளிக்காமல்... கழுவிய கையைத் துணி வேகவைக்கிற காரத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தபடி. மறுநாள் காலையில் நாடி கொஞ்சம் கிடைத்தது.

"பிழைச்சிடுவாரா?"

"இன்னும் சொல்ல முடியாது" என்றான். "உடம்புல தண்ணி நின்னாத்தான்... அதாவது, ஒண்ணுக்குப் போகணும். அது வந்துட்டா ஆள் தப்பிச்சாச்சு."

"வரலைன்னா?"

"எங்கம்மாவுக்கு வரல" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அவள் அவனைப் பார்த்தாள். தூங்காத அந்தக் கண்களின் கணக்கு அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவன் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் தலையச் சாய்ங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள். சுவரில் சாய்ந்தவன் அடுத்த நிமிஷமே தூங்கிப்போனான். தூக்கத்திலும் விரல்கள் கரண்டி பிடித்தபடியே மடங்கியிருந்தன.

மத்தியானம் மழை பிடித்தது. கூரைத் தகரத்தில் முதலில் நாலு சொட்டு... பிறகு படபடவென்று.

"பானைய எடும்மா" என்றார் அப்பா.

குரல். காற்றில்லை, குரல்.

பானையை வைத்து அவரைத் தாங்கி உட்காரவைத்து, மானம் பார்க்கிற மனுஷனாயிற்றே என்று அவளும் அவனும் வெளியே வந்து வாசல்படியில் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. காதை உள்ளே வைத்துக்கொண்டு நின்றார்கள். மழைச்சத்தம்... மழைச்சத்தம்... அதற்கு நடுவே, மண்பானையில் மெல்லிய இன்னொரு சத்தம்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் சிரித்தாள், அப்புறம் அழுதாள், எது எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அண்டா இறங்கிவிட்டது போலிருந்தது.

பானையை எடுத்துக்கொண்டு சாக்கடையோரம் போய் ஊற்றிச் சாம்பலும் சுண்ணாம்பும் போட்டாள். பின்னாலேயே வந்து அவன் ஒரு சாக்கை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தான். சாக்கு ஓட்டை. இரண்டு பேரும் நனைந்தார்கள்.

"கையில இதை வெச்சுக்கிட்டுச் சொல்லக் கூடாதுதான்" என்றாள் அவள், குனிந்தபடியே. "ஆனா இப்ப சொல்லலைன்னா அப்புறம் எனக்கு வெக்கம் வந்துடும். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. அன்னிக்கு மூஞ்சியத் திருப்பினப்பவே பிடிச்சிருந்துது. அதனாலதான் திருப்பினேன்."

மழை அவன் இமையில் நின்று சொட்டியது.

"எனக்கு அதுக்கும் முன்னாடி" என்றான். "யோவ்னு கூப்பிட்டீங்களே, அப்பவே."

"அது கோவத்துல கூப்பிட்டது."

"பரவாயில்ல. இனிமேலும் அப்படியே கூப்பிடுங்க."

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது, பலவீனமாக, ஆனால் பழைய அதிகாரத்தோடு. "ஏம்மா... அந்தத் தம்பி ஏதாவது சாப்பிட்டானா? ரெண்டு நாளா வெறும் வயித்தோட நிக்குறான்."

தம்பி. அவள் அவனைப் பார்த்தாள். அவன் ஓட்டைச் சாக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் முழங்கால் வரை சேறோடு நெட்டையன் சந்து திரும்பி வந்தான். ஒவ்வொரு தோளிலும் ஒரு தகரப்பெட்டி. முகம் பேயறைந்தது போல் இருந்தது.

"பெரியவர் எப்படி?"

"தப்பிச்சுட்டார்."

"நல்லது. ரொம்ப நல்லது." ஒரு பெட்டியைக் கழற்றி அவன் காலடியில் வைத்தான். "உன் பங்குக்குத் தினமும் பத்தொன்பது கிணறு, ரெண்டு நாளும் நான்தான் இறைச்சுக் கரைச்சு ஊத்தியிருக்கேன், என் கிணறு போக. என் இடுப்பு என்கிட்ட இல்ல. இப்ப மழை வேற, எல்லாத்துக்கும் மறுபடி போடணும். நாளைலேர்ந்து நான் தூங்கப் போறேன். என் பங்கை நீ போடு, கணக்குத் தீர்ற வரைக்கும்."

"நாங்க போட்டுடுறோம்" என்றாள் அவள்.

நெட்டையன் அவளைப் பார்த்தான். அவனைப் பார்த்தான். அவள் கையிலிருந்த பானையையும் பார்த்தான். மழைக்குள் நடந்தான்.

நாளுக்குப் பத்தொன்பதாக, நெட்டையனுக்கு அவர்கள் தரவேண்டிய பாக்கி முப்பத்தெட்டுக் கிணறு.