எச்சில் அமைதி

அமைதியாக இருக்கவேண்டிய இடத்தில் யாரோ எதையோ மென்றுகொண்டிருந்தார்கள்.

நாடகக் குழுவின் மேலாளர் காலையில் போனில் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். "உங்க மொழில 'அமைதி'ன்னு எழுதினா, எங்க கம்ப்யூட்டர்ல யாரோ வாயைத் திறந்துக்கிட்டு சாப்பிடற சத்தம் வருதும்மா. கதாநாயகி சாகற காட்சிலயா இந்தக் கருமம்? நாளைக்கு மேடை ஏறணும்" என்று அந்த அம்மா பொரிந்து தள்ளினார். மதியத்துக்குள் கணினியையே ஆள் மூலம் கொடுத்தனுப்பிவிட்டார்.

அவளும் அண்ணனும் சேர்ந்து உருவாக்கிய நிரல்மொழி அது. ஒலிக்கென்றே ஒரு மொழி. 'மழை, தூரத்தில், மெதுவாக' என்று எழுதினால் கணினி அப்படியே ஒலிக்கும். மொழியை வடிவமைத்தது அண்ணன். அதை, கணினிகளை இயக்கும் மூன்று வெவ்வேறு இயங்குதளங்களிலும் ஒரே மாதிரி ஓடவைப்பது அவள் பாடு. "ஒரே வீட்ல மூணு மாமியார்கிட்ட நல்ல பேர் வாங்கற வேலை உனக்கு" என்று அண்ணன் கிண்டலடிப்பான்.

ஒலிப்பதிவுக்காக எல்லாச் சன்னல்களையும் அடைத்துப் பஞ்சுப்பலகை ஒட்டிய மாடியறை. வெளியே பட்டப்பகல். தன் இரண்டு கணினிகளிலும் 'அமைதி'யை ஓட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. நாடகக்காரர்களின் கணினி மூன்றாவது இயங்குதளத்தில் ஓடுவது. அதில் ஹெட்ஃபோனைச் செருகிக் காதில் மாட்டி, 'அமைதி'யை ஓட்டினாள்.

முதலில், ஊறிப்போன ரொட்டியை யாரோ ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்கு நாக்கால் தள்ளுவது போல, சளசளவென்று, அவசரமே இல்லாமல், நடுநடுவே எச்சிலை உறிஞ்சி இழுத்துக்கொண்டு, பல்லிடுக்கில் சிக்கிய நாரை நுனிநாக்கால் துழாவித் துழாவி எடுத்து மறுபடி மெல்லுவது போல, காதுக்கு அத்தனை அருகில் அந்தச் சத்தம் கேட்டது. அவளுக்கு உடம்பு கூசியது. சின்ன வயதிலிருந்தே பந்தியில் பக்கத்திலிருப்பவர் சப்புக்கொட்டினால் இலையை விட்டு எழுந்துவிடுகிறவள் அவள்.

காரணம் என்னவோ உடனே பிடிபட்டது. ஒலியை நிரப்பிக்கொள்ள ஒவ்வொரு தடவையும் இயங்குதளம் நினைவகத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கித் தரும். மற்ற இரண்டும் அதைத் துடைத்துவிட்டுத் தருகின்றன. இது, முன்பு அங்கே கிடந்த சத்தத்தின் மிச்சத்தோடு அப்படியே நீட்டுகிறது. அடுத்தவர் தின்ற எச்சில் தட்டை நம் முன்னால் தள்ளுகிற மாதிரி.

'இந்த இயங்குதளம் என்றால், முதலில் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கு.' ஒரு நிபந்தனை எழுதிச் சேர்த்தாள். ஓட்டினாள். திரையில் ஒலியளவுக் கோடு தரையோடு தரையாகப் படுத்தது.

காதில் மெல்லும் சத்தம் நிற்கவில்லை.

கோடு பூஜ்யத்தில். சத்தம் காதில். ஒலியளவை முழுவதும் குறைத்தாள். நிரலை மூடினாள். கணினியையே அணைத்தாள். அதன் விசிறி முனகி ஓய்ந்தது. அது ஓய்ந்தபின் இன்னும் தெளிவாகக் கேட்டது. பிறகு, தொண்டை ஏறி இறங்க, ஒரு விழுங்கல்.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி மேசையில் எறிந்தாள். காதோரம் ஈரமாக இருந்தது. தொட்ட விரல் பிசுபிசுத்தது. மோந்து பார்த்திருக்கக் கூடாது. தூங்கி எழுந்த வாயின் புளித்த வாடை. குளியலறைக்கு ஓடி, மதியம் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தாள். சோப்புப் போட்டுக் காதுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

திரும்பி வந்தபோது அண்ணன் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஹெட்ஃபோன் அவன் தலையில்.

"அண்ணா, அதைக் கழட்டு."

அவன் முதுகு அசையவில்லை. "சரியாத்தானே இருக்கு? அமைதியாத்தான் இருக்கு" என்றான். குரல், தூக்கத்தில் பேசுவது போல.

"கம்ப்யூட்டரையே அணைச்சாச்சுண்ணா. அதுல எதுவும் கேக்கக் கூடாது. கழட்டு!"

"இரு குட்டி. இதமா இருக்கு."

வயரைப் பிடித்து இழுத்தாள். வயரின் முனை கணினியிலிருந்து கழன்று தரையில் விழுந்தது. அவன் திரும்பவே இல்லை. இப்போது ஹெட்ஃபோன் இல்லாமலே அவளுக்குக் கேட்டது. பஞ்சுப்பலகைகளுக்கு நடுவே. சளக். சளக். வாய் அவனுடையது இல்லை. அவன் உதடுகள் மூடித்தான் இருந்தன. கழுத்தில் ஏதோ வழிந்து சட்டைக் காலரை நனைத்துக்கொண்டிருந்தது. முட்டை வெள்ளைக்கரு போல. நடுவில் ஒரு சிவப்பு இழை.

"அண்ணா... வலிக்கலையா?"

"என்னது?"

"வலிக்கலையான்னு கேட்டேன்!"

"சத்தமாப் பேசு. நீ சொல்றது சரியா விழலை."

அவளே கை நீட்டினாள். ஹெட்ஃபோன் வரவில்லை. ஒட்டியிருந்தது. இழுத்தாள். உறிஞ்சிக்கொண்டிருந்த ஏதோ மனமில்லாமல் விடுவது போல ஒரு சத்தம். எச்சில் இழை இழையாக நீண்டு அறுந்தது.

அங்கே காது இல்லை.

காயம் இல்லை. ஓட்டை இல்லை. வழவழவென்று, ஈரமாக, கன்னத்தின் தொடர்ச்சி போல வெறும் தோல். மறுபக்கமும் அப்படியே.

அண்ணன் மெல்லத் திரும்பினான். அவள் வாய் அசைவதைப் பார்த்தான். அவள் கத்திக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில், பசி தீர்ந்த குழந்தையின் சிரிப்பு.

"எவ்வளவு அமைதி" என்றான், ரொம்பச் சத்தமாக. அவள் கையிலிருந்ததை வாங்கி, அவள் தலைக்கு நேராக நீட்டினான். "இந்தா, நீயும் கேளேன்."

அவன் விரல்களுக்கு இடையே ஹெட்ஃபோனின் இரண்டு கறுப்புக் காது மெத்தைகளும் பளபளவென்று நனைந்து, மெல்லத் திறந்து, மூடி, திறந்தன.