முத்திரை குத்தும் கை

‘நான் உடைக்கவில்லை. ஆனால் அப்படிச் சொன்னால், பிறகு யார் என்று அப்பா கேட்பார்.’

அதனால் அக்கா வாயே திறக்கவில்லை.

அப்பாவின் பட்டறையில் அம்மன் சிலை நின்றது. தூக்கியிருந்த வலக்கையில் இரண்டு விரல்களைக் காணோம். அவை சாக்பீஸ் துண்டுகளைப் போலக் கீழே கிடந்தன. பக்கத்தில் சமையலறை மரக்கரண்டி. அதை யார் தூக்கிக்கொண்டு திரிவார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். தங்கை பட்டாணிதான்.

“கேட்டா பதில் சொல்லாத ஊமைக்கோட்டான்” என்று முணுமுணுத்தபடியே அப்பா பிளாஸ்டரைக் குழைத்தார். சாயங்காலம் சிலையை எடுத்துப்போக வண்டி வருகிறது. இன்னொரு முறை உடைந்தால் ஒட்ட நேரமிருக்காது. கம்பி வைத்து விரல்களைப் பொருத்தியவர், தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்:

“அபய முத்திரை. விரல் கோணினா அர்த்தமே போயிடும்.”

கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ பிடித்தார்கள் ஓட்டம்.

அப்பா பெயின்ட் வாங்கக் கிளம்பியதும் அக்கா கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். பட்டாணி தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“ஏண்டி சாமி கையைக் கரண்டியால அடிச்சே?”

“அது என்னைக் குத்தும்.”

“குத்துமா?”

“அப்பாதான் நேத்தே அந்தக் கையை முத்திரைன்னு சொன்னாரே. அம்மா ஆபீஸ்ல பாத்தேன். டமால் டமால்னு முத்திரை குத்துவாங்க. மேசையே ஆடும்.”

அம்மாவுக்குப் பார்சல் ஆபீஸில் வேலை. வந்த பெட்டிக்கெல்லாம் முத்திரை குத்துவது அவள்தான்.

அக்காவுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. பட்டாணியின் கீழுதடு துடித்தது. ‘இப்போது சிரித்தால், இனி இவள் எதையும் என்னிடம் சொல்லமாட்டாள்.’ சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

“வா, அந்தக் கையாலே குத்த முடியுமான்னு பாப்போம்.”

பட்டாணி அக்காவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தபடியே பட்டறைக்கு வந்தாள். சிலையைத் தொடக் கூடாது, இன்னும் ஈரம் என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள். பிறகு இருவரும் சிலையைப் போல நின்றார்கள். முழங்கை இடுப்போரம். உள்ளங்கை வெளியே பார்த்தபடி. விரல்கள் மேலே, விறைப்பில்லாமல்.

“இப்ப என்னைக் குத்து” என்றாள் அக்கா.

பட்டாணி பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். முழங்கையை நகர்த்தாமல், விரலை மடக்காமல் எப்படிக் குத்துவது? கை காற்றில் லேசாக ஆடியது. அவ்வளவுதான்.

“வரலையே.”

“வராது. இது ஆபீஸ் முத்திரை இல்லை. கையே பேசும், வாயைத் திறக்காம.”

“உன்ன மாதிரியா?”

“என்னை மாதிரிதான். தூக்கியிருக்கிற கை, ‘பயப்படாதே, நான் இருக்கேன்’னு சொல்லுது.”

“கீழே இருக்கிற கை?”

“‘என்ன வேணும், வாங்கிக்கோ’ங்குது.”

பட்டாணி அந்த இடக்கையை எட்டிப் பார்த்தாள். “ஒண்ணுமே இல்லையே.”

“நீ இன்னும் ஒண்ணும் கேக்கலையே.”

பட்டாணி யோசித்தாள். பாவாடையை விட்டுவிட்டு, தூக்கியிருந்த கைக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

அப்போதுதான் அப்பா பெயின்ட் டப்பாவோடு உள்ளே வந்தார். ஈரக்கைக்கு அடியில் சின்னவளைக் கண்டதும் அவருக்குப் பகீரென்றது. அவர் கேட்பதற்கு முன்பே, “நான்தான்பா உடைச்சேன். இனிமே உடைக்கமாட்டேன். அது குத்தாதாம்” என்றாள் பட்டாணி.

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு நேரம் தங்கைக்காகத்தான் பெரியவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் விளங்கியது. டப்பாவை வைத்துவிட்டு அவளை அருகில் அழைத்தார்.

“வண்டி வர்ற வரைக்கும் நீ வாசல்ல நில்லும்மா. இவ உள்ளே வந்தா கையை ஓங்கு. அடிக்க வேணாம், சும்மா ஓங்கு. பயந்துக்கிட்டுக் கிட்ட வரமாட்டா.”

அக்கா பட்டாணியை வெளியே கூட்டிப்போய் விட்டுவிட்டு, பட்டறை வாசலில் நின்றாள். கையைத் தூக்கினாள். முழங்கை இடுப்போரம். உள்ளங்கை வெளியே. விரல்கள் விறைப்பில்லாமல்.

அதைப் பார்த்துப் பட்டாணி களுக்கென்று சிரித்தாள்.

“அப்படி இல்லம்மா” என்றார் அப்பா. “நல்லா ஓங்கு.”

“இது போதும்பா” என்றாள் அக்கா.

கையை அதற்கு மேல் அவள் தூக்கவில்லை.