சினக்கிடங்கில் ஒரு பழுது

அன்று காலை பாளையங்கோட்டைப் பேருந்து நிலையத்தில் ஒரு நடத்துனர் ஒரு பயணியை ஓங்கி அறைந்தார். பயணி திருப்பி அறைந்தார். அடிதடி என்பதையே மறந்துபோயிருந்த ஊர் அது. விலக்கிவிடப் போனவர்களும் சற்று நேரத்தில் ஆளுக்கொரு சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம், எல்லோருடைய பிடரியிலும் இறங்கிய ஒரு புதுப்பிப்பு. பிடரியில் ஒட்டியிருக்கும் தணிப்பான், கோபம் கிளம்பும்போதே அதை உறிஞ்சிச் சினக்கிடங்கு என்னும் சேமிப்பகத்தில் எழுதிவிடும். நடந்தது நினைவிருக்கும், கொதிப்பு மட்டும் இருக்காது. தணிப்பானுக்குள் ஓடும் அடிப்படை மென்பொருள் லினக்ஸ் கெர்னல். அதைப் புதிய பதிப்புக்கு மாற்றியபோது, கிடங்கோடு பேசும் நிரலான சேமிப்பு இயக்கியை, தணிப்பானைச் செய்யும் நிறுவனத்தார் தாங்களே திருத்தியிருந்தார்கள். திருத்திய லட்சணம், கிடங்கு புதுக் கோபத்தை வாங்க மறுத்தது. போதாததற்கு, உள்ளே கிடந்த பழையதையெல்லாம் உரியவர்களுக்கே திருப்பி அனுப்பியது.

பழுதைக் கண்டுபிடிக்கும் வேலை அந்த நிறுவனத்துப் பொறியாளர் ஜெசிந்தாவின் தலையில் விழுந்தது. அவள் குத்திய குத்தில் விசைப்பலகையிலிருந்து ஒரு விசை தெறித்து ஓடியது. அவளுக்குக் கோபம் இயக்கியின் மேல் அல்ல. மூன்று வருடம் முன்பு மணப்பாட்டில் அம்மா சாகக் கிடந்தபோது, மேலாளர் நயினாரிடம் விடுப்புக் கேட்டாள். புதுப் பதிப்பு வெளியீடு முடியட்டும் என்றார். சரி சார் என்று உட்கார்ந்து வேலை பார்த்தாள். கடைசியில் மண் போடத்தான் போய்ச் சேர்ந்தாள். அப்போது பிறந்த கோபத்தைத் தணிப்பான் சுத்தமாக எடுத்துக்கொண்டது. இன்று அது முழுசாகத் திரும்பி வந்திருந்தது. பாவி, எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தன்மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழைய இயக்கிக்கும் புதியதற்கும் இடையில் நடந்த திருத்தங்களைப் பாதியாகப் பிரித்து, நடுப் பதிப்பை ஓட்டிப் பார்க்க வேண்டும். அது கெட்டிருந்தால் பழுது முன்பாதியில், நன்றாயிருந்தால் பின்பாதியில். மறுபடி பாதி. சோதிக்க வேறு யாரும் பிடரியைக் கொடுக்காததால் தனக்கே ஏற்றிக்கொண்டாள். நல்ல பதிப்பு ஏறியதும் அம்மாவின் சாவு வெறும் தகவலாகிவிடும். என்ன அவசரம், டீ குடித்துவிட்டு வரலாம் என்று தோன்றும்.

"மோட்டுவளைய ஏன் பாத்துட்டு இருக்க? அடுத்தத ஏத்து" என்று பக்கத்து இருக்கை இசக்கிராஜா சீறுவான். கெட்ட பதிப்பு ஏறியதும் அம்மா மறுபடி சாவாள்.

கடைசியில் ஒரே ஒரு வரி சிக்கியது. இப்போது எழுத முடியாது என்று சொல்லக் கிடங்கு ஒரு எதிர்மறை எண்ணை அனுப்பும். இயக்கி அதை, இத்தனை பதிவுகளைப் பின்னோக்கிப் படி என்று எடுத்துக்கொண்டிருந்தது. முதலாமாண்டு மாணவன்கூடச் செய்ய வெட்கப்படும் தப்பு. அதைச் சரிபார்த்து, இசக்கிராஜா உட்பட நான்கு பேர் ஒப்புதல் தந்திருந்தார்கள். தப்பைப் பார்த்ததும் சுருக்கென்று வரவேண்டிய எரிச்சலைத் தணிப்பான் முளையிலேயே கிள்ளியிருக்கிறது. இசக்கிராஜாவுக்கு முகம் கருத்துப்போயிற்று.

பிடரியில் கெட்ட பதிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்க, ஜெசிந்தா எழுந்து நயினாரின் அறைக்குள் போனாள்.

"எங்கம்மா சாகக் கெடந்தப்ப லீவு கேட்டேன்லா. ஏன் சார் தரல?"

நயினாரும் காலையிலிருந்து கொதித்துக்கொண்டுதான் இருந்தார். "நீ எப்பிடிக் கேட்ட? காப்பி வேணுமான்னு கேக்குத மாதிரி, அம்மாவுக்கு முடியல, போலாமான்ன. ஒரு சத்தம் போட்டியா? இவ்வளவு நிதானமா கேக்காளே, பெருசா ஒண்ணுமிருக்காதுன்னுல்லா நெனச்சேன்."

"சத்தம் போட எங்கிட்ட என்ன இருந்துச்சு? எல்லாத்தையும் நம்ம கிடங்குல்லா எடுத்துக்கிட்டுது."

ஜெசிந்தா அவர் மேசையில் ஓங்கி அடித்தாள்.

"வெள்ளிக்கிழம மணப்பாட்டுக் கோயில்ல அம்மாவுக்கு வருசப் பூசை. போன ரெண்டு வருசமும் வேலைன்னு இங்கயே கெடந்தேன். இந்தத் தடவ போவேன். தடுத்தா இந்த வேலையே வேண்டாம்."

"போம்மா. எவன் தடுத்தான்" என்றார், குரல் உடைந்து.

ஜெசிந்தா திரும்பி வந்து அந்த வரியைச் சரிசெய்தாள். திருத்தம் ஊருக்கெல்லாம் இறங்கிவிட்டால் தன் கோபமும் கிடங்குக்குள் போய்விடும். கோபம் போனால் வெள்ளிக்கிழமையும் போய்விடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால் கீழே இன்னொரு வரி சேர்த்தாள். தன் தணிப்பானின் எண்ணுக்கு மட்டும் விலக்கு.

இசக்கிராஜா சரிபார்க்க உட்கார்ந்தான். சற்றுமுன் பட்ட அவமானம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எழுத்தெழுத்தாகப் படித்தான்.

"இது என்ன? ஒன் நம்பருக்கு மட்டும் தனி வழியா?"

"என் கோவம் எனக்கு வேணும்."

"எனக்குந்தான் வேணும். வெளிய ஒருத்தன ஒருத்தன் கொன்னுருவான் போலிருக்கு, நீ மட்டும் ஒனக்குன்னு ஒதுக்கி வைப்பியோ? ஊருக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணா? அத எடு. இல்லன்னா நான் ஒப்புதல் குடுக்க மாட்டேன்."

அந்த அலுவலகத்தில் ஒரு திருத்தத்தை யாராவது மறுத்துப் பல வருடங்களாகிவிட்டன. அவன் சொன்னது நியாயம்தான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரியை அழித்தாள். இசக்கிராஜா ஒப்புதல் தந்தான். அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் நெஞ்சோடு பிடித்துவைத்திருந்துவிட்டு, ஜெசிந்தா விசையை அழுத்தினாள்.

வெளியே தெருவில் சத்தம் அடங்கியது. நயினார் முகத்தைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டே வந்தார்.

"நல்ல வேலை செஞ்சம்மா. வெள்ளிக்கிழம அடுத்த பதிப்பு போவுது. நீ இருந்தா நல்லாருக்கும். ஏதோ பூசைன்னு சொன்னேல்லா?"

அவளுக்கு நினைவிருந்தது. தான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நினைவிருந்தது. எதற்காக அத்தனை சத்தமாகச் சொன்னோம் என்பதுதான் விளங்கவில்லை.

"பரவால்ல சார். இருக்கேன்."