ஜெயனியின் மரண அறிவித்தல்

செத்தவீட்டுக்கென்று லண்டனிலிருந்து கறுப்பு உடுப்போடு வந்திறங்கிய வினோஜாவுக்குக் கதவைத் திறந்துவிட்டதே செத்துப்போன அம்மாதான். அந்தக் கோபம் ஆறாமலே மறுநாள் காலை, பொய் பிடிப்பதில் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டு, அதே நகரத்தின் வில்லரேப் பகுதியில் இருந்த செபமாலையின் வீட்டுக்கு வந்து நின்றாள்.

செபமாலை காப்புறுதிக் கம்பனிக்காக ஊரார் பொய்களைத் துருவித் துருவியே களைத்து ஓய்ந்தவர். இனி ஒருத்தருடைய பொய்யும் வேண்டாம் என்றிருந்த மனுசன். மனைவி இமெல்டா விட்டால்தானே. தேத்தண்ணி வைத்து, கதிரையும் இழுத்துப் போட்டுவிட்டாள்.

"உங்கட அம்மா லண்டன் ரீவியில செய்தி வாசிச்ச ஜெயனி எல்லே? எங்கட சனத்துக்கு எவ்வளவு பெருமை."

"பெருமை உங்களுக்கு, அன்ரி. நான் அம்மாவை ரீவியிலதான் பாத்து வளர்ந்தனான். ஆறு வருசமா நாங்கள் கதைக்கிறதில்லை." வினோஜா கண்ணைத் துடைத்தாள். "போன கிழமை தெரியாத நம்பரில ஒரு பொம்பிளை இங்கிலிசில கதைச்சு, அம்மா மோசம்போயிட்டா எண்டா. இங்கத்தைத் தமிழ் ரேடியோவிலயும் அறிவிச்சிட்டினம். அம்மா மாமா வீட்டிலதான் இருக்கிறா. எங்களைச் சேர்த்துவைக்கிறன் எண்டு மாமாதான் செய்திருப்பார். அதை மட்டும் தெரிஞ்சு சொல்லுங்கோ. நான் இரவே போயிடுவன், பிறகு இந்தப் பக்கம் வரமாட்டன்."

செபமாலை அலுப்போடு ரேடியோக்காரருக்குப் போன் எடுத்தார். அறிவித்தல் கொடுத்தது தொண்டை கரகரத்த ஒரு பெண்குரலாம். அழுதழுது அடைத்திருக்கும் என்று அவர் நினைத்தாராம். "மகளுக்குச் சொல்லியாச்சு, இனிப் பேரை வெளியில விடலாம்" என்றுதான் பேச்சையே தொடங்கினாளாம்.

பின்னேரம் எல்லோரும் சென்ட் லோரன்ட் பகுதியில் மாமா தியாகலிங்கத்தின் வீட்டில் கூடினார்கள். சால்வையைக் கழுத்தில் சுற்றியபடி ஜெயனி மூலையில் இருந்தார். சளி, தடிமன் என்று சொல்லி, மகள் வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை.

"சத்தியமா நான் இல்லை, பிள்ளை. சனம் பூவோட வந்து நிண்ட பிறகுதான் எனக்கே தெரியும். நீ அதுக்குள்ள பிளேன் ஏறிட்டாய்" என்றார் தியாகலிங்கம்.

"அவரில்லை" என்றார் செபமாலை. "எங்கட சனம் சாவை ரேடியோவுக்கும் வட்ஸ்அப்புக்கும் குடுத்துப்போட்டுத்தான் பிள்ளையைத் தேடும். உரித்தான ஆளுக்குச் சொல்லுறவரைக்கும் பேரை வெளியில விடக்கூடாது எண்டிறது செய்தி வாசிக்கிற ஆக்களின்ர பழக்கம். பொய்ச் சாவிலயும் அதைக் கைவிடேலாத ஆள் இந்த வீட்டில ஒராள்தான்."

"இஞ்சரப்பா, தாயின்ர குரலை மகள் அறியமாட்டாளே?" என்றாள் இமெல்டா.

"அறியேல்லை. ஏனெண்டால் குரலே மாறிப்போச்சு. தடிமனுக்கு அப்பிடி மாறாது." தன் ஊகம் சரியாக இருந்துவிடக்கூடாது என்று செபமாலைக்கு இருந்தது. "தொண்டையில என்ன, அக்கா?"

ஜெயனி சால்வையைத் தளர்த்தினார். "புற்று. வியாழக்கிழமை குரல்வளையை எடுக்கினம். பேந்து கதைக்கேலாது."

லட்சம் பேர் கேட்ட அந்தக் குரல் இப்போது அரைவாசி காற்றாகத்தான் வந்தது. வினோஜாவின் முகம் வெளிறிப்போயிற்று.

"அதைச் சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"என்ர நம்பரை நீ மறிச்சு வைச்சிருக்கிறாய். கீழ்வீட்டுப் பிள்ளையின்ர போனில எடுத்தன். உண்மையைச் சொல்லத்தான் எடுத்தனான். 'ஹலோ' எண்டன். நீ 'யார் பேசிறது' எண்டு இங்கிலிசில கேட்டாய். திரும்பவும் கேட்டாய்." ஜெயனி மூச்சை இழுத்துக்கொண்டார். "என்ர பிள்ளைக்கே தெரியேல்லை எண்டால், அந்த ஜெயனி செத்துத்தானே போனா? அதைத்தான் சொன்னன். நீ விசாரிச்சால் பிடிபட்டிருவன் எண்டு ரேடியோவுக்கும் குடுத்தன்."

பொய்யைப் பிடித்துவிட்டேன் என்ற திருப்தி செபமாலைக்குத் துளியும் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. தியாகலிங்கம் ஓசைப்படாமல் அழுதார்.

"புற்று எண்டு சொல்லியிருந்தாலும் வந்திருப்பனோ தெரியாது" என்றாள் வினோஜா. பயணப் பையை எடுத்து, அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து அம்மாவின் காலடியில் இருந்தாள்.

"வியாழன்வரைக்கும் நாள் இருக்குத்தானே. கதையுங்கோ அம்மா, நான் கேக்கிறன்."