வலப்பக்கத்துத் துடிப்பு

ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து மாற்றலாகி வந்த நர்ஸ் பானுப்பிரியா, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தத் துணை சுகாதார நிலையத்தின் பூட்டைத் திறந்தாள். தங்கச்சிமடத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய இரண்டு அறைக் கட்டடம். ஓராண்டாக ஆளில்லாமல் கிடந்தது. உள்ளே ஈர உப்பின் வாடை. ஜன்னலை அடைத்தாலும் அலையின் இரைச்சல் தரைக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது.

முதல் ஆளாக ஷெரின் வந்தாள். இருபத்திரண்டு வயது, தலைப்பிரசவம், ஏழு மாதம் முடிந்திருந்தது. கணவன் ஜெனிஷ் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன்.

பானுப்பிரியா அவளைப் படுக்கவைத்து, வயிற்றில் ஜெல் தடவி, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் சின்னக் கருவியை இடப்பக்கம் வைத்தாள். நூற்று நாற்பத்திரண்டு. நல்ல துடிப்பு. கருவியை எடுக்கும்போது அது வயிற்றின் வலப்பக்கம் உரசியது.

அங்கேயும் ஒரு துடிப்பு.

தாயின் நாடியாக இருக்கும் என்று மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். ஷெரினின் நாடி எண்பத்து நாலு. இது நூற்றுப் பத்து. ஆழத்திலிருந்து, தேய்ந்து வந்தது.

"ரெண்டா இருக்குக்கா?" ஷெரின் தலையைத் தூக்கிக் கேட்டாள். "மொத ஸ்கேன்ல ரெண்டுன்னாங்க. மூணாம் மாசம் பாக்கையில ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ணு வளராம நின்னு போச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"அப்படி ஆகுறது உண்டும்மா. இது மிஷின் கோளாறா இருக்கும். பயப்படாத."

மறுநாளே ராமநாதபுரத்துக்கு ஸ்கேனுக்கு அனுப்பினாள். உயிரோடு ஒரே குழந்தை என்றுதான் அறிக்கை வந்தது.

அடுத்த செவ்வாய், இடப்பக்கம் நூற்று முப்பது. வலப்பக்கமும் நூற்று முப்பது. பானுப்பிரியா வேறொரு கருவி வாங்கிவந்து வைத்துப் பார்த்தாள். அதிலும் அதே எண்கள்.

மூன்றாவது செவ்வாய், வலப்பக்கம் நூற்று ஐம்பத்தைந்து.

இடப்பக்கம் நூற்றுப் பதினாறு.

"ரெண்டு நாளா வலப்பக்கம்தான் உதைக்குது," என்றாள் ஷெரின். "இடப்பக்கத்துப் புள்ள அசையவே மாட்டேங்குது."

பானுப்பிரியா இடப்பக்கமே கருவியை அழுத்திப் பிடித்திருந்தாள். நூற்று நாலு.

தொண்ணூற்றெட்டு.

தொண்ணூறு.

வாசலில் நின்ற ஜெனிஷைக் கூப்பிட்டாள். "தம்பி, வண்டிக்குச் சொல்றேன். இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

"எட்டு மாசம்கூட ஆகலையேக்கா."

"காத்திருந்தா புள்ள தங்காது."

பானுப்பிரியாவும் அவர்களோடு வண்டியில் ஏறினாள். ஆம்புலன்ஸ் பாம்பன் பாலத்தில் ஏறியபோது ஷெரின் தன் இரண்டு கைகளையும் வயிற்றின் இடப்பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

அறுவை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதது.

நஞ்சுக்கொடியின் ஓரத்தில் இன்னொன்று ஒட்டியிருந்தது. விரல் நீளம். காகிதம்போல் நசுங்கி, பழுப்பாக.

"எப்பவோ இறந்தது," என்றார் டாக்டர். "துடிக்கிறதுக்கு இதுல எதுவுமே இல்ல, சிஸ்டர்."

ஜெனிஷ் அதை வெள்ளைத் துணியில் சுற்றி வாங்கி, கல்லறைத் தோட்டத்தின் மூலையில் புதைத்தான். குழந்தை இருபது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, எடை ஏறி, வீடு திரும்பியது.

ஒரு மதியம் பானுப்பிரியா அவர்கள் வீட்டுக்குப் போனாள். ஜெனிஷ் கடலுக்குப் போயிருந்தான். வயிறு நிறைந்த குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. ஷெரின் முகம் தெளிந்திருந்தது. தடுப்பூசித் தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

பேச்சின் நடுவே அவளுடைய நைட்டியின் மார்புப்பக்கம் சட்டென்று நனைந்தது.

பிள்ளை அழுகிற சத்தம் காதில் விழுந்தால் தாய்க்கு ஹார்மோன் சுரந்து பால் இறங்கும். பானுப்பிரியா எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம்.

குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

"அழுவுறான்," என்றாள் ஷெரின்.

"யாரு?"

ஷெரின் நைட்டியின் முன்பக்கத்தைத் திறந்துகொண்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வலது கையை மடக்கி, எதையோ ஏந்துவதுபோல் மார்போடு சேர்த்துக்கொண்டாள். மெல்ல ஆடினாள்.

பால் பீறிட்டு வருவது பானுப்பிரியாவின் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் ஷெரினின் மடியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

ஒரு சொட்டுகூட விழவில்லை.